விசில் வாத்தியார் பதில்கள்: மட்டைக்கும் பந்துக்கும் அப்பன் யார்?

போன மாதம் முழங்கால் வலிக்குப் பயிற்சி கேட்ட ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, போகிற போக்கில் “கிரிக்கெட் இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் பிறந்த ஆட்டம்” என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் முழங்காலை யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லோரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் இந்த மாதம் முழுக்க அந்தப் பஞ்சாயத்துதான். மூட்டுவலிக்காரர்கள் அடுத்த இதழ் வரை தைலம் தேய்த்துக்கொண்டு பொறுத்தருள வேண்டும்.

*“நம் கிட்டிப்புள்ளைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் கிரிக்கெட்டை உண்டாக்கினான் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. தமிழராக இருந்துகொண்டு நீங்களே இதை மறைக்கலாமா?”*
– தென்காசி வாசகர்

மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது? இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறது, அதையும் முடியால் மறைக்க வழியில்லை. பாளையங்கோட்டையில் எனக்கு எட்டு வயதில் கிட்டிப்புள் கொடுத்த பரிசு அது. எங்கள் பக்கம் செல்லாங்குச்சி என்போம். புளியங்கொம்பில் ஒரு முழத்துக்குக் கம்பு, அதே கொம்பில் நாலு விரல் நீளத்துக்கு இரண்டு முனையும் சீவிய குச்சி. மண்ணில் நீளவாட்டில் ஒரு குழி. குழியின் குறுக்கே குச்சியை வைத்துக் கம்பால் கெந்தினால் அது பறக்கும். எதிராளி பிடித்துவிட்டால் ஆள் அவுட். பிடிக்காவிட்டால், விழுந்த இடத்திலிருந்து எடுத்து, குழிமேல் கிடத்தியிருக்கும் கம்பைப் பார்த்து எறிவான். கம்பில் பட்டாலும் அவுட். படவில்லையென்றால் குச்சியின் முனையைத் தட்டி எழுப்பி, அந்தரத்தில் இருக்கும்போதே விளாச வேண்டும். போய் விழுந்த தூரத்தைக் கம்பால் அளந்து கணக்கு. தோற்றவன் அவ்வளவு தூரமும் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே குழிக்கு ஓடி வர வேண்டும். அன்றைக்கு நான் பிடிக்கப் போனேன். கை தவறிப் புருவம் பிடித்தது.

ஆக, அந்த ஆட்டத்தின் மேல் எனக்கு உள்ள பாசம் உங்களுக்குக் குறைந்ததில்லை. ஆனால் பி.டி. வாத்தியார் வேலைக்கு நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் மாவட்ட லீக் ஆட்டங்களில் அம்பயராகவும் நின்றவன் நான். பார்க்காத ஒன்றுக்கு விரலைத் தூக்கக் கை வராது. பார்த்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில் கில்ட்ஃபர்ட் என்று ஒரு ஊர். அங்கே ஒரு துண்டு நிலத்துக்காக வழக்கு. ஊர்ப் பொது நிலத்தை ஒருவர் வளைத்துப் போட்டு மரக்கடைக்குக் கட்டை அடுக்கிவிட்டார் என்பது புகார். நம்மூர்ப் புறம்போக்குத் தகராறுதான், அச்சு அசல். சாட்சி சொல்ல வந்தவர் ஜான் டெரிக். ராணியின் மரண விசாரணை அதிகாரி, வயது 59. “நான் இந்த ஊர் இலவசப் பள்ளியில் படித்தபோது, கூட்டாளிகளோடு அந்த இடத்தில்தான் ஓடியாடிக் கிரெக்கெட்டும் மற்ற ஆட்டங்களும் ஆடினேன்” என்கிறார். வழக்குத் தாளில் உள்ள தேதி 1597 ஜனவரி 17. அக்காலத்து ஆங்கிலேயர்களுக்கு மார்ச் மாதத்தில்தான் வருஷம் பிறக்கும் என்பதால் நம் காலண்டருக்கு அது 1598. பெரியவர் வயதிலிருந்து கழித்துப் பார்த்தால் அவர் பள்ளிக்கூடப் பையனாக இருந்தது 1550 வாக்கில். கிரிக்கெட்டுக்குச் சந்தேகமில்லாத முதல் சாட்சி அதுதான்.

இப்போது இன்னொரு தேதி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி பட்டயம் கொடுத்தது 1600 டிசம்பர் 31. இந்தியக் கரையில் கிரிக்கெட் ஆடியதாக எழுத்தில் இருப்பது 1721-இல், குஜராத்தின் கேம்பே பக்கம். கரை ஒதுங்கிக் கிடந்த கப்பல்காரர்கள் பொழுதுபோகாமல் தங்களுக்குள்ளே ஆடிக்கொண்டது. களவு போனதாகச் சொல்லும் தேதிக்கு அரை நூற்றாண்டு முன்பே பொருள் அவர்கள் வீட்டில் இருந்திருக்கிறது, ஐயா. இந்தக் கேஸ் நிற்காது.

*“சரி, அவர்கள் நம்மிடம் எடுக்கவில்லை. அப்படியானால் கிட்டிப்புள் நமக்கு மட்டுமே உரியது என்றாவது சொல்லலாமா?”*
– நாசரேத் வாசகி

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம் அம்மா. உங்கள் வீட்டு அலமாரியில் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற கிறிஸ்தவக் கதைப் புத்தகம் இருக்கும். அதை எழுதிய இங்கிலாந்துக்காரர் ஜான் பன்யன் ஒரு செல்லாங்குச்சிக்காரர்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1666-இல் வெளியான தன் வரலாற்று நூலில் அவரே எழுதியிருக்கிறார். இளவயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓய்வுநாளில் ஆட்டம் போடுவது பாவம் என்று பாதிரியார் பிரசங்கம் செய்கிறார். மனசு உறுத்துகிறது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டதும் உறுத்தல் போய்விடுகிறது. மத்தியானம் ஆடப் போகிறார். ஆட்டத்தின் பெயர் ‘கேட்’. இங்கிலாந்தில் ‘டிப்கேட்’ என்றும் சொல்வார்கள். இரண்டு முனையும் கூரான குச்சியைத் தட்டி எழுப்பி அடிக்கும் அதே ஆட்டம். குழியிலிருந்து முதல் அடி அடித்தாயிற்று. இரண்டாவது அடிக்குக் கம்பை ஓங்கும்போது வானத்திலிருந்து ஒரு குரல்: பாவத்தை விட்டு மோட்சம் போகிறாயா, பாவத்தோடு நரகம் போகிறாயா? குச்சியைத் தரையில் விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். எனக்குப் பிடித்த கட்டம் இதற்கப்புறம் வருகிறது. எப்படியும் நரகம்தான், கொஞ்சப் பாவத்துக்குப் போவதும் நிறையப் பாவத்துக்குப் போவதும் ஒன்றுதான் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, மறுபடியும் ஆட்டத்துக்கே திரும்பிவிடுகிறார்! இரண்டாவது அடி மீதி இருக்கிறதே, எந்தப் பையன் விட்டுவிட்டுப் போவான்?

அந்த மனிதர் பின்னாளில் எழுதிய மோட்சப் பிரயாணத்தைத்தான் நம் கரையிருப்பு எச். ஏ. கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று காப்பியமாக்கி 1894-இல் தந்தார். ஐயாயிரம் மைல் தள்ளிப் பிறந்த இரண்டு பேர். இருவர் தெருவிலும் ஒரே குச்சி பறந்திருக்கிறது. யார் யாரிடம் கற்றார்கள்? கம்பும் குச்சியும் கிடைக்கிற ஊரில், வேலை சொல்லாத ஒரு மத்தியானம் கிடைத்தால் பையன்கள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது என் கட்சி. எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. உங்களுக்கு?

*“அமெரிக்காவில் இருக்கும் மகன் எங்களைக் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊருக்குக் கூட்டிப்போனான். பேஸ்பால் மியூசியம் அங்கேதான். ஜெனரல் டபுள்டே 1839-இல் அதே ஊரில் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்று என் பேரன் சொன்னான். ஆனால் மியூசியத்தில் அவருக்குப் பட்டயமே இல்லை. ஏன் சார்?”*
– அடையாறு வாசகர்

அடையாறிலிருந்து இதைக் கேட்கிறீர்களே, உங்களுக்கு நான் நாலு பக்கம் கூட எழுதுவேன்.

பேரன் சொன்ன கதைக்குப் பின்னால் இருப்பவர் ஆல்பர்ட் ஸ்பால்டிங். எங்கள் பள்ளி விளையாட்டுச் சாமான் அறையில் அவர் பெயர் போட்ட கூடைப்பந்து ஒன்று காற்றில்லாமல் வருஷக்கணக்காகக் கிடந்தது. பெயரைப் பார்த்து ஏதோ ஊர்ப் பெயர் என்றே நினைத்திருந்தேன். மனிதர் முதலில் பேஸ்பால் வீரர், அப்புறம் விளையாட்டுச் சாமான் முதலாளி. அவருக்கு ஒரு நண்பர், ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் பத்திரிகையாளரானவர், பேஸ்பாலைப் பற்றி எழுதி எழுதியே ஊர்ப்பட்ட பேர் வாங்கியவர். 1903-இல், ஸ்பால்டிங் கம்பெனி வெளியிட்ட ஆண்டுமலரிலேயே சாட்விக் எழுதினார்: பேஸ்பால் இங்கிலாந்துப் பிள்ளைகளின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வந்தது. ஸ்பால்டிங்குக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்காவின் தேசிய ஆட்டம் இங்கிலாந்துக் குழந்தைகளின் ஆட்டத்துக்குப் பிறந்த பிள்ளையா?

சண்டை தீர்க்க 1905-இல் ஒரு கமிஷன் போட்டார்கள். தலைவர் ஆப்ரகாம் மில்ஸ், பேஸ்பால் தேசிய லீகின் முன்னாள் தலைவர். ஏழு பேரில் செனட்டர் பதவி பார்த்தவர்கள் இரண்டு பேர். பழைய ஆட்டக்காரர்கள் உண்டு, சாமான் வியாபாரியும் உண்டு. வரலாறு படித்தவர் மட்டும் ஒருவரும் கிடையாது. தெரிந்தவர்கள் எழுதலாம் என்று பத்திரிகையில் அறிவிப்பு. டென்வரிலிருந்து ஆப்னர் கிரேவ்ஸ் என்ற சுரங்கப் பொறியாளர் ஒரு கடிதம் எழுதினார். கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே பையன்களைச் சேர்த்து, மண்ணில் கோடு போட்டு, ஆட்டத்துக்கு விதி சொன்னாராம். 1907 டிசம்பர் 30-ஆம் தேதி மில்ஸ் கையெழுத்துப் போட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டார்: டபுள்டே, கூப்பர்ஸ்டவுன், 1839.

அம்பயர் கண்ணோடு இந்தச் சாட்சியைப் பாருங்கள். 1839-இல் கிரேவ்ஸுக்கு ஐந்து வயது. டபுள்டேக்கு இருபது. அந்த வருஷம் அவர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். டபுள்டே 1893-இல் இறந்தார். தான் ஒரு ஆட்டத்தைக் கண்டுபிடித்ததாக உயிரோடு இருந்தவரை அவர் எங்கேயும் எழுதவில்லை. 1861-இல் சம்ட்டர் கோட்டையில் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது வடக்கத்திப் படையின் முதல் குண்டைச் சுட்டவர், கெட்டிஸ்பர்க் போரில் நின்றவர். பெருமைப்பட அவருக்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. இதைவிட வேடிக்கை, தீர்ப்புச் சொன்ன மில்ஸ் டபுள்டேயின் நெடுநாள் நண்பர். அத்தனை வருஷப் பழக்கத்தில் சிநேகிதன் வாயிலிருந்து வராத சங்கதி, டென்வர்க்காரர் எழுதித்தான் அவருக்குத் தெரிய வந்ததாம். கிரேவ்ஸின் முடிவு பரிதாபம். 1924-இல் மனைவியைச் சுட்டுக் கொன்று, மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டார்.

அப்புறம் பந்து வந்தது. 1934-இல் கூப்பர்ஸ்டவுனுக்குப் பக்கத்துக் கிராமத்தில், பரணில் கிடந்த பெட்டியில் தையல் விட்டுப் பிதுங்கிய பழைய பந்து ஒன்று கிடைத்தது. டபுள்டேயின் பந்து என்றார்கள். சிங்கர் தையல் மிஷின் பணத்தில் வந்த ஸ்டீபன் கிளார்க் அதை ஐந்து டாலருக்கு வாங்கி ஊரில் பார்வைக்கு வைத்தார். ஐந்து டாலர் பந்தில் தொடங்கிய ஆசைதான் நீங்கள் பார்த்த மியூசியம். 1839-க்கு நூறாண்டு என்று கணக்கு வைத்து 1939 ஜூன் 12-இல் திறந்தார்கள். மைதானத்துக்கு டபுள்டே பெயர் வைத்தார்கள், சுவரில் பட்டயம் வைக்கவில்லை. சுவரில் சாட்விக் இருக்கிறார். போய்ப் பார்த்தீர்களா? கமிஷனில் தோற்றவர் அவர்.

இப்போது அடையாறு. டபுள்டே கடைசிக் காலத்தில் தியாசபிக்காரர், அதாவது பிரம்மஞான சபைக்காரர். சபையைத் தொடங்கிய பிளவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் நியூயார்க்கை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்களே, போகும்போது 1879 ஜனவரியில் அங்கே சபையின் தற்காலிகத் தலைவராக யாரை அமர்த்தினார் ஆல்காட்? ஜெனரல் டபுள்டேயை. அந்த இருவரும் பம்பாயில் இறங்கி, 1882 கடைசியில் சபையின் தலைமையகத்தோடு உங்கள் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். இன்னும் கேளுங்கள். ஸ்பால்டிங்கின் இரண்டாவது மனைவியும் தீவிரமான தியாசபிக்காரர். அவருக்காகத்தான் ஸ்பால்டிங் கலிஃபோர்னியாவில் பாயிண்ட் லோமா தியாசபி ஆசிரமத்தில் வீடு கட்டிக் குடிபோனார். கிரேவ்ஸ் கடிதத்தில் டபுள்டே பெயரைப் பார்த்ததும் ஸ்பால்டிங் ஏன் அப்படித் துள்ளினார் என்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. நான் விரல் தூக்க மாட்டேன். ஆனால் ஆலமரத்தடியில் நடக்கப் போகும்போதெல்லாம் இது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

*“டபுள்டே கதை பொய்யென்றால் சாட்விக் சொன்ன ரவுண்டர்ஸ்தானே உண்மை?”*
– கோவில்பட்டி வாசகர்

அவசரப்படாதீர்கள். சாட்விக் சொன்ன ஊர் சரி, தாயார் பெயர்தான் தப்பு. ‘ரவுண்டர்ஸ்’ என்ற பெயர் அச்சில் வருவது 1828-இல், பையன்களுக்கான ஒரு புத்தகத்தில். ‘பேஸ்பால்’ என்ற பெயர் அதே இங்கிலாந்தில், ஜான் நியூபெரி என்ற பதிப்பாளரின் சிறுவர் புத்தகத்தில், 1744-இலேயே வந்துவிட்டது. கிரிக்கெட்டுக்கு முதன்முதலில் விதிகள் எழுதி வைத்ததும் அதே 1744. 1796-இல் குட்ஸ்மூட்ஸ் என்ற ஜெர்மன்காரர் (எங்கள் ஜாதி, உடற்பயிற்சி வாத்தியார்) ‘இங்கிலாந்து பேஸ்பால்’ என்று தலைப்புப் போட்டு விதிகளையே எழுதி வைத்திருக்கிறார். அம்மா வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பிள்ளை பிறந்த கணக்காக இருக்கிறது.

எனக்குப் பிடித்த சாட்சி வேறு. வில்லியம் பிரே என்ற இளைஞன் 1755 மார்ச் 31, ஈஸ்டர் திங்களன்று நாட்குறிப்பில் எழுதுகிறான்: காலையில் கோயில், சாப்பாட்டுக்குப் பிறகு மிஸ் ஜீல் வீட்டில் பேஸ்பால். கூட ஆடியவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது, பாதிக்கு மேல் பெண்கள். ஆடி முடித்துத் தேநீர் குடித்துவிட்டு எட்டு மணி வரை அங்கேயே இருந்தானாம். எந்த ஊர் தெரியுமா? கில்ட்ஃபர்ட். மரக்கட்டை வழக்கில் டெரிக் சாட்சி சொன்னாரே, அதே கில்ட்ஃபர்ட்! ஒரு கொட்டகையில் கிடந்த இந்த நாட்குறிப்பு வெளியே தெரிந்ததே இந்த நூற்றாண்டில்தான்.

*“கார்ட்ரைட் என்பவர்தான் பேஸ்பாலின் உண்மையான தந்தை என்று என் மகளின் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறது.”*
– திருப்பூர் வாசகி

அவருக்குச் சுவரில் பட்டயம் இருக்கிறது. பேஸ்களுக்கு (ஓடித் தொட வேண்டிய முனைகளுக்கு) நடுவே 90 அடி, ஒன்பது இன்னிங்ஸ், ஒன்பது ஆட்கள் எல்லாம் அவர் ஏற்பாடு என்று பட்டயம் சொல்கிறது. மூன்றும் முடிவானது பேஸ்பால் சங்கங்கள் கூடிய 1857 மாநாட்டில். மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் ஆடம்ஸ். கார்ட்ரைட்டோ 1849-லேயே தங்க வேட்டைக்காக நியூயார்க்கை விட்டுக் கிளம்பி, ஹவாயில் குடியேறிவிட்டார். 1845 செப்டம்பர் 23-இல் அவர் இருந்த நிக்கர்பாக்கர் என்ற நியூயார்க் பேஸ்பால் சங்கம் விதிகளை எழுதிவைத்தது நிஜம். ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து அவுட்டாக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. பிள்ளையார் பந்தில் முதுகு பழுத்தவர்களுக்கு அந்த விதியின் அருமை தெரியும். அடுத்த வருஷம் வேறு அணியோடு மோதி, சொந்த விதிகளிலேயே 23-க்கு 1 என்று மண்ணைக் கவ்வியது அந்தச் சங்கம். தந்தையென்று யாரையாவது போட்டே ஆக வேண்டும் என்றால் மகளைப் புத்தகத்தில் உள்ளதையே எழுதச் சொல்லுங்கள். மார்க் முக்கியம்.

*“கிரிக்கெட் பிரான்சில் பிறந்தது, இல்லை பெல்ஜியத்தில் பிறந்தது என்றெல்லாம் சொல்கிறார்களே?”*
– காரைக்கால் வாசகர்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்க்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்!

1478-இல் பிரான்சின் வடகோடியில் லியேத்ர் என்ற இடத்தில் ‘கிரிக்கே’ என்று ஒரு சொல் ஆவணத்தில் வருகிறது. ஆட்டத்தின் பெயரா, நட்டுவைத்த கம்பின் பெயரா என்று இன்னும் வழக்கு ஓடுகிறது. அதற்கும் முன்னால் 1300-இல், இங்கிலாந்து இளவரசனுக்கு 15 வயதில் ‘கிரேக்’ என்ற ஆட்டத்துக்கு ஆன செலவு அரண்மனைக் கணக்கில் எழுதியிருக்கிறது. கிரேக் என்றால் என்ன ஆட்டம்? செலவு எழுதியவர் அதை எழுதவில்லை. கணக்குப்பிள்ளைகள் எப்போதும் அப்படித்தான்.

பெல்ஜியக் கட்சிக்குக் கொஞ்சம் வலு அதிகம். அங்கிருந்து கம்பளி நெய்கிற ஃப்ளெமிஷ் ஆட்கள் தென்கிழக்கு இங்கிலாந்தில் வந்து குடியேறியது உண்மை. அவர்கள் மொழியில் ‘கிரிக்’ என்றால் வளைகம்பு. ஆனால் பழைய ஆங்கிலத்திலும் ஊன்றுகோலுக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தான். 2009-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ஒருவர் ஒரு கவிதையைக் கொண்டுவந்தார். 1533-இல் ஸ்கெல்டன் என்ற கவிஞர் எழுதியதாம். ஃப்ளெமிஷ்காரர்களைத் திட்டும்போது ‘கிரெக்கெட் ராஜாக்களே’ என்கிறதாம், பக்கத்திலேயே ‘விக்கெட்’டும் வருகிறதாம். உலகப் பத்திரிகையெல்லாம் போட்டார்கள். எனக்கு இரண்டு சந்தேகம். ஸ்கெல்டன் இறந்தது 1529-இல். நாலு வருஷம் கழித்து எழுதினார் என்றால் எந்த அம்பயரும் ஒப்பமாட்டான். இரண்டாவது, ‘உங்கள் விக்கெட்டுகளைச் சாத்துங்கள்’ என்பதுதான் அந்த வரி. விக்கெட் என்றால் ஆங்கிலத்தில் திட்டிவாசல், பெரிய கோயில் கதவுக்குள் ஒரு சின்னக் கதவு வைத்திருப்பார்களே, அது. கவிஞர் கதவைச் சாத்தச் சொல்கிறார், ஸ்டம்பை அல்ல.

ஸ்டம்புக்கு அந்தப் பெயர் வந்ததும் அப்படித்தான். முதலில் இரண்டு குச்சி, மேலே ஒரு குறுக்குக் குச்சி. பார்க்கச் சின்ன வாசல் மாதிரி இருக்கும். 1775-இல் லம்பி ஸ்டீவன்ஸ் என்ற பந்துவீச்சாளர் வீசிய பந்து மூன்று தடவை இரண்டு குச்சிக்கும் நடுவே புகுந்து போனது, பேட்ஸ்மேன் அவுட்டாகவில்லை. அந்த அநியாயத்துக்கப்புறம்தான் நடுவில் மூன்றாவது குச்சி. வாசலை அடைத்துவிட்டார்கள், பெயர் மட்டும் வாசல்.

*“கிரிக்கெட்டில் முதல் சர்வதேச ஆட்டம் இங்கிலாந்து – ஆஸ்திரேலியாதானே? பந்தயம் கட்டியிருக்கிறேன்.”*
– ஓசூர் வாசகர்

டெஸ்ட் என்றால் சரி, 1877 மெல்போர்ன். சர்வதேச ஆட்டம் என்றால் 1844 நியூயார்க், அமெரிக்கா – கனடா. கனடா 23 ரன்னில் ஜெயித்தது. பந்தயப் பணத்தை எடுத்து வையுங்கள்.

*“பூப்பந்து தஞ்சாவூரில் பிறந்தது என்பதிலாவது கை வைக்காமல் இருப்பீர்களா?”*
– தஞ்சாவூர் வாசகர்

மட்டை என்பதால் இதையும் இந்த மாதத்துக்கே எடுத்துக்கொள்கிறேன். இறகுப்பந்து வேறு, பூப்பந்து வேறு என்று தெரியாத இளசுகளுக்கு: மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய பந்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். பனி பெய்த காலையில் ஆடினால் பந்து ஈரம் குடித்துக் கருப்பட்டி உருண்டை மாதிரி கனத்துவிடும். அதைக் காயவைக்க நான் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு முதல் பீரியட் எடுத்ததுண்டு.

தஞ்சை அரண்மனையில் 1856-இல் ஆடினார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் போடுகிறார்கள். கடைசி அரசர் சிவாஜி 1855-இல் காலமாகி, ஆண் வாரிசு இல்லையென்று கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்ட சமயம் அது. அந்தத் துக்கத்தில் யார் மட்டை பிடித்தார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு கேள்வி உண்டு. ஆட்டம் உங்கள் பக்கம் வேரோடியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வருஷத்தைத்தான் நம்பவில்லை. இந்த அளவுக்குக் கை வைத்ததைப் பெரிய மனசு பண்ணி மன்னியுங்கள்.

*“எல்லாவற்றுக்கும் தாள் கேட்கிறீர்கள். அவர்கள் ஊர்ப் பையன்கள் மட்டும் ஆடியதை எழுதியா வைத்தார்கள்?”*
– மறுபடியும் தென்காசி வாசகர், வேறு மையில்

இல்லை. அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஊரிலும் ஆடியவன் எவனும் எழுதவில்லை. புகார் கொடுத்தவன்தான் எழுதினான். நிலத்தகராறு வராவிட்டால் டெரிக் வாயைத் திறந்திருக்க மாட்டார். 1611-இல் சசெக்ஸில் சிடில்ஷம் கிராமத்தில் இரண்டு பேர் ஈஸ்டர் ஞாயிறன்று கோயிலுக்குப் போகாமல் கிரிக்கெட் ஆடியதற்குத் தண்டம் கட்டினார்கள். அதனால் தெரிகிறது. அமெரிக்காவில் பிட்ஸ்ஃபீல்ட் ஊரில் 1791-இல் புதிதாகக் கட்டிய சபைக் கூடத்தின் கண்ணாடி ஜன்னல் உடையக்கூடாதென்று, 80 கஜத்துக்குள் கிரிக்கெட், பேஸ்பால் எதுவும் ஆடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். பேஸ்பால் என்ற சொல் அமெரிக்கத் தாளில் தென்படும் மிகப் பழைய இடங்களில் அது ஒன்று. 1839-க்கு 48 வருஷம் முந்தியது. பன்யன்கூட மனசாட்சி புகார் கொடுத்ததால்தான் எழுதினார்.

நம் ஊரிலும் புகார் இருந்திருக்கும். நான் ஒன்றைக் கையில் பிடித்தே பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளியில், ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், பழைய ரெக்கார்டு அறையை ஒழித்து விளையாட்டுச் சாமான் அறையாக்கித் தருவதாகச் சொன்னார்கள். சந்தோஷத்தில் நானே வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். அடி அடுக்கில் தண்டனைப் பதிவேடு ஒன்று, பைண்டு பிரிந்து, தாள் அப்பளம் மாதிரி நொறுங்கிக்கொண்டு. விரித்த பக்கத்தில் வயலட் மையில் ஒரு வரி: “செல்லாங்குச்சி ஆடி வராந்தா ஓடு உடைத்தது. நாலணா.” பையன் பெயர் இருந்த இடத்தையும் தேதி இருந்த ஓரத்தையும் கரையான் தின்றிருந்தது. நாலணா மட்டும் தப்பியிருந்தது. பியூனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தப் பதிவேடு எங்கே என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள். சாயங்காலம் பழைய பேப்பர்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். நானே தூக்கித் தராசில் வைத்தேன். ஜான் டெரிக்கை எனக்கு அப்போது தெரியாது.